போட்டிக்கு முன்னால வயிறு கலக்குது: குடல் பாக்டீரியாவா, சாப்பாடா, பயமா?

பிப்ரவரி 18, 2025, மாலை 6.12 (கேள்வி)

சிங்கப்பூர்ல மகள் உயர்நிலை 3 படிக்கிறா. பள்ளிக்கு 1500 மீட்டர் ஓடுறா. போட்டி நெருங்க நெருங்க வயிறு கெட்டுப்போகுது, தூக்கம் இல்ல, எதக் கேட்டாலும் எரிஞ்சு விழுறா. மருந்துக் கடையில ஒரு மாத்திரை காட்டினாங்க. நல்ல பாக்டீரியா உள்ள போனா டென்ஷன் தானா எறங்கிடுமாம். விலை ரொம்ப அதிகம். வாங்கலாமா? ஓட்டத்துல இருக்கிறவங்க அனுபவத்துல சொல்லுங்க.

பிப்ரவரி 18, இரவு 10.40 (பதில்)

இப்போதைக்கு வாங்காதீங்கண்ணே. மகள் என்ன சாப்பிடுறா, எப்ப சாப்பிடுறான்னு ஒரு வாரம் அப்படியே எழுதி வைங்க. திருத்த வேண்டாம், திட்டவும் வேண்டாம். எழுதினா போதும்.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையிறது, தூக்கத்துல எழுப்பிவிடுற வயித்து வலி, மாதவிடாய் நின்னுபோறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா இங்க எழுதிட்டு இருக்காம பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

பிப்ரவரி 19, காலை 6.05

நேத்து அவசரமா எழுதினேன். மாத்திரை வேணாம்னு சொன்னதால பாக்டீரியாவுக்கும் படபடப்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு அர்த்தம் இல்ல. சம்பந்தம் இருக்கு.

2004ல ஜப்பான்ல கியூஷு பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு. பிறந்ததுலேர்ந்து கிருமியே இல்லாம வளர்த்த எலிகளையும் சாதாரண எலிகளையும் அசைய முடியாம ஒரு குழாய்க்குள்ள அடைச்சு வச்சுப் பார்த்தாங்க. கிருமி இல்லாத எலிகளுக்கு மன அழுத்த ஹார்மோன் ரொம்ப அதிகமா ஏறிச்சு. பிஃபிடோபாக்டீரியம் வகையில ஒண்ணைக் குடல்ல குடியேற்றினதும் அது சாதாரண அளவுக்கு வந்துச்சு. குடல்ல யார் குடியிருக்காங்கங்கிறது மூளையோட பதற்றத்தைத் தொடுதுன்னு உலகம் கவனிக்க ஆரம்பிச்சது இதுலேர்ந்துதான்.

சேதி போற வழி பல. ஒண்ணு வேகஸ் நரம்பு. அதுல இருக்கிற இழைகள்ல சுமார் 80 சதவீதம் வயிறு மாதிரி உள்ளுறுப்புகள்லேர்ந்து மூளைக்குப் போறது. மூளை வயித்துக்குச் சொல்றதைவிட வயிறு மூளைக்குச் சொல்றதுதான் அதிகம்.

மறுபக்கமும் உண்டு. பயம் வந்தா கார்ட்டிசால், அட்ரினலின்னு மன அழுத்த ஹார்மோன்கள் ஏறும், குடலோட அசைவு மாறும், குடல் சுவர் இளகும். அதனால உங்க மகளுக்குப் பயத்தால வயிறு கெடுதா, வயிறு கெட்டதால பயம் கூடுதான்னு கேட்டா, ரெண்டும் சேர்ந்து ஒண்ணை ஒண்ணு ஏத்திவிடுதுன்னுதான் சொல்ல முடியும்.

பிப்ரவரி 19, மதியம் 1.20

கீழ ஒரு தம்பி "செரோட்டோனின் 90 சதவீதம் வயித்துலதான் உற்பத்தி ஆகுது, அதனால வயிறு சரியானா மனசு சரியாகும்"னு எழுதியிருக்கார். செரோட்டோனின்ங்கிறது நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்துற ஒரு ரசாயனம், மனநிலையோடயும் சம்பந்தப்பட்டது. முதல் பாதி உண்மை. ஆனா குடல்ல உருவாகிற செரோட்டோனின் மூளைக்குள்ள நுழையாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு விடாது. அது குடலை அசைக்கவும், அங்க இருக்கிற நரம்புகளைத் தூண்டவும் பயன்படுது. மாத்திரை விக்கிறவங்க "வயிறு சரியானா மனசு சரியாகும்"ங்கிற அந்த ரெண்டாவது பாதியை வச்சுத்தான் வியாபாரம் பண்றாங்க. பெத்தவங்க பயத்துல இருக்கிற நேரத்துல அப்படி விக்கிறது எனக்குக் கோபத்தை வரவழைக்குது.

பிப்ரவரி 20, இரவு 9.55

மாத்திரை விஷயத்துக்கு வர்றேன்.

அயர்லாந்துல கார்க் நகரத்து ஆய்வாளர்கள் 2011ல லாக்டோபாசில்லஸ் வகையில ஒண்ணை எலிகளுக்குக் கொடுத்தாங்க. எலிகளோட பதற்றம் குறைஞ்சது, கார்ட்டிசாலுக்குச் சமமான ஹார்மோனும் குறைஞ்சது. வேகஸ் நரம்பை வெட்டிட்டா அந்தப் பலன் காணாமப் போச்சு. பிரமாதமான ஆய்வு. அப்புறம் அதே நகரத்துல, அதே பாக்டீரியாவை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 2017ல முடிவு வந்துச்சு. மன அழுத்தத்துல ஒரு மாற்றமும் இல்ல. அந்தத் தோல்வியை ஒளிக்காம வெளியிட்டாங்க பாருங்க, அதுக்காகவே அவங்க மேல எனக்கு மரியாதை கூடிச்சு.

யாக்குல்ட், அதாவது சின்ன பாட்டில்ல வர்ற புளிச்ச பால் பானம் பத்தி ஒரு அக்கா கேட்டிருக்காங்க. ஜப்பான்ல மருத்துவ மாணவர்கள் தேர்வுக்கு முன்னால 8 வாரம் அதுல இருக்கிற பாக்டீரியாவைக் குடிச்சாங்க. தேர்வு நெருங்கும்போது எச்சில்ல கார்ட்டிசால் ஏறுறதும், வயித்துத் தொந்தரவும் குறைவா இருந்துச்சு. 2016ல வந்த ஆய்வு. ஆனா யாக்குல்ட் நிறுவனத்து ஆய்வாளர்களும் அதுல இருந்தாங்க, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிக்கணும். பிள்ளைக்குப் பிடிச்சா கொடுங்க, கெடுதல் இல்ல. சர்க்கரையைக் கணக்குல சேர்த்துக்கோங்க.

பாக்டீரியா வகைக்கு வகை வேலை மாறும். அட்டையில "புரோபயாடிக்"னு போட்டிருந்தா மட்டும் போதாது. எந்த வகை, எந்த ஆய்வுல, யாருக்கு, எத்தனை வாரம்னு கேட்கணும். அந்தக் கடையில இதைக் கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. மேல் மட்டப் போட்டிக்குப் போற பிள்ளைங்க ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவங்க. சப்ளிமென்ட்ல கலப்படம் இருந்து மாட்டினா பொறுப்பு ஓடுறவங்களோடதுதான், தெரியாம சாப்பிட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு, மாலை 4.30

காலையில எங்க ஓட்டக் குழுவோட மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போயிட்டு வந்தேன். நான் வார இறுதியில பயிற்சி கொடுக்கிற குழு, பெரும்பாலும் பெண்கள், பாதிப் பேர் நம்ம ஆளுங்க. ஓட்டம் முடிஞ்சு பெஞ்சுல உக்காந்து, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன்.

ஒரு பொண்ணு, நல்லா ஓடுறவ, சொன்னது இது: காலையில காயா டோஸ்ட் (தேங்காய்ப்பால் ஜாம் தடவின ரொட்டி), கோப்பி. பயிற்சிக்கு அப்புறம் வே புரோட்டீன் பவுடர். மதியம் கோழி நெஞ்சுக்கறி, வெள்ளைச் சோறு, ரெண்டு வெள்ளரித் துண்டு. சாயங்காலம் ஒரு புரோட்டீன் பார். ராத்திரி முட்டை, ரொட்டி. ஓட்டத்து நடுவுல சக்திக்குச் சர்க்கரை ஜெல். இதுல பருப்பு எங்க? கீரை எங்க? பழம் எங்க? "சாம்பார் குடிச்சா வயிறு உப்பும் அக்கா"ன்னா. அவ அம்மா வீட்டுல தினம் கூட்டு, பொரியல்னு சமைக்கிறாங்க. ஓடுறவங்களுக்கு அதெல்லாம் ஆகாதுன்னு எங்கேயோ படிச்சு, தானே ஒதுக்கி வச்சிருக்கா.

இது இந்தப் பொண்ணு மட்டும் இல்ல. 2016ல விளையாட்டு வீரர்களோட மன அழுத்தம், குடல், சாப்பாடு மூணையும் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு. அதுல சொன்ன குறையும் இதேதான்: சட்டுனு செரிக்கிற மாவுச்சத்தும் புரதமும் அதிகம், நார்ச்சத்து குறைவு. வயித்துக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு வேணும்னே நாரைக் குறைக்கிறாங்க.

நாரை நம்மால செரிக்க முடியாது, பெருங்குடல் வரைக்கும் அப்படியே போகும். அங்க இருக்கிற பாக்டீரியா அதை நொதிக்க வச்சு பியூட்டிரேட், புரோப்பியோனேட், அசிட்டேட்னு கொழுப்பு அமிலங்களை உருவாக்கும். பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரோட செல்களுக்கு முக்கிய எரிபொருள். சுவர் உறுதியா இருந்தா பாக்டீரியாவோட கழிவு ரத்தத்துல கசியாது, உடம்புல அழற்சி ஏறாது. நார் வரலைன்னா? எலிகள்ல பார்த்திருக்காங்க: சில பாக்டீரியா குடல் சுவரைக் காக்கிற கோழைப் படலத்தையே தின்ன ஆரம்பிக்குது.

நாரும் நொதிச்ச உணவும் சேர்த்த சாப்பாட்டை மனுஷங்ககிட்டயே சோதிச்ச ஆய்வும் கார்க்லதான் நடந்துச்சு. 45 பேர், 4 வாரம். பழம், காய்கறி, முழுத் தானியம், பருப்பு, கூடவே புளிக்க வச்ச உணவு. அந்தக் குழுவுக்கு மன அழுத்தம் குறைஞ்சதா அவங்களே சொன்னாங்க. ஒழுங்காக் கடைப்பிடிச்சவங்களுக்கு இன்னும் நல்லாக் குறைஞ்சது. ஆனா குடல் பாக்டீரியாவோட கலவை பெருசா மாறல. அதனால பலனுக்குக் காரணம் பாக்டீரியாதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். எப்படி இருந்தாலும் அந்தச் சாப்பாடு நம்ம அடுப்படியில ஏற்கெனவே இருக்கு.

பிப்ரவரி 26, இரவு 11.10

பழைய சோறு பத்தி மூணு பேர் கேட்டுட்டீங்க.

நல்லதுதான். சோறு ஆறும்போது அதுல இருக்கிற மாவுச்சத்துல ஒரு பங்கு சிறுகுடல்ல செரிக்காத வடிவத்துக்கு மாறுது, நார் மாதிரியே பெருங்குடல் வரைக்கும் போகும். ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும், காலையில தண்ணி லேசாப் புளிச்சு, ஓரத்துல சின்னச் சின்னக் குமிழி நிக்கும். அதுல மோரும் உப்பும் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சா, வெயில்ல ஓடிட்டு வந்த உடம்புக்கு அதைவிட என்ன வேணும்? தண்ணி, உப்பு, மாவுச்சத்து எல்லாம் இருக்கு.

ஆனா சிங்கப்பூர் ராத்திரி வெக்கையில சோத்தைச் சட்டியில சும்மா மூடி வச்சுட்டு மறுநாள் சாப்பிடுறது வேற. அதுல வளர்ற ஒரு வகை கிருமியோட நச்சு சூடு பண்ணினாலும் போகாது, வாந்திதான். சோறு ஆறின உடனே தண்ணி ஊத்தணும், கை படக்கூடாது, வாடை மாறியிருந்தா கொட்டிடணும். போட்டி வாரத்துல புதுசா ஆரம்பிக்கவே வேணாம்.

இட்லி, தோசை? மாவுல இருக்கிற பாக்டீரியா வேகும்போது செத்துடும். ஆனா புளிச்சதால செரிக்கிறது சுலபமாகுது, உளுந்து இருக்கு. உயிரோட வேணும்னா தயிர், மோர். டெம்பே (புளிக்க வச்ச சோயா) பொரிச்சாலும் நார் போகாது, தேக்கா சந்தையில வாழையிலையில கட்டினது கிடைக்கும், வாங்கிப் புளிக்குழம்புல போடுங்க.

மார்ச் 2, காலை 7.45

அண்ணன் ஒரு வாரக் குறிப்பை அனுப்பினார், நன்றி. கூடவே ஒரு சேதி: நான் எழுதினதைப் படிச்சுட்டு மகளுக்கு மூணு வேளையும் சுண்டல், கீரை, கொய்யா. பிள்ளை வயிறு உப்பி, வியாழக்கிழமைப் பயிற்சியைப் பாதியில விட்டுட்டா.

இதை நான் இன்னும் அழுத்தமாச் சொல்லணும்.

நாரை ஏத்துறது மெதுவா. முதல் வாரம் ஒரு வேளைக்கு ஒரு கை சுண்டல். வயிறு பழகினா அடுத்த வாரம் கொஞ்சம் கூட. பாக்டீரியாவுக்கும் கூட்டம் சேர நேரம் வேணும், திடீர்னு கொட்டினா காத்துதான் வரும். தண்ணியும் கூடக் குடிக்கணும்.

போட்டிக்கு முந்தின ஒண்ணு ரெண்டு நாள் தலைகீழ். அப்ப நார் குறையணும். வெள்ளைச் சோறு, ரொட்டி, முட்டை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தயிர் பழக்கமிருந்தா தயிர். சுண்டல் வேணாம், பச்சைக் காய்கறி வேணாம், எண்ணெய் மிதக்கிற பிராட்டாவும் வேணாம். ஓடும்போது பெருங்குடல்ல வேலை மிச்சம் இருக்கக்கூடாது.

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. போட்டிநாள் தட்டைப் பார்த்து, ஓடுறவங்க வருஷம் முழுக்க அப்படித்தான் சாப்பிடணும்னு நினைச்சுக்கிறாங்க. எங்க குழுப் பொண்ணு பண்ணினதும் அதுதான். வருஷத்துல பெரும்பாலான நாள் போட்டி கிடையாது. அந்த நாட்கள்லதான் குடலை வளர்க்கணும். போட்டி அன்னைக்கு அதைத் தொந்தரவு பண்ணாம விடணும். உங்க மகளுக்கு ஏப்ரல்ல ஓட்டம்னா, சாப்பாட்டை மாத்துற நேரம் இப்போ. மாசக் கடைசியோட புதுசா எதையும் சேர்க்கிறதை நிறுத்திடுங்க.

மார்ச் 5, இரவு 12.15

ரமலான் நோன்பு தொடங்கியாச்சு. குழுவுல நோன்பு பிடிக்கிற ரெண்டு பேர் தராவீஹ் இரவுத் தொழுகை முடிஞ்சு பிஷான் பக்கம் மெதுவா ஓடுறாங்க, நானும் சில நாள் கூடப் போறேன். அதுல ஒருத்தவங்க சொன்னாங்க, சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தின வேளைக்கு, ரொட்டி சாப்பிட்டா பத்து மணிக்கே எரிச்சலா வருது, ஓட்ஸும் பயறும் சாப்பிட்டா மதியம் தாண்டியும் நிதானமா இருக்க முடியுதுன்னு. ஒருத்தர் அனுபவம்தான், ஆனா மெதுவாச் செரிக்கிற சாப்பாடு ரத்தச் சர்க்கரையைச் சட்டுனு ஏத்தி எறக்காது, அதனால பொருந்துது. நோன்புக் கஞ்சியில பருப்பு இருக்கு, வெந்தயம் இருக்கு. கேலாங் சிராய் சந்தையில பொரிச்சதை வாங்கி வயித்தை நிரப்புறதுக்கு முன்னால அதைக் குடிச்சிடுங்க.

மார்ச் 9, மாலை 5.00

வெயில் பத்தி எழுத விட்டுப்போச்சு. சிங்கப்பூர்ல இருக்கிறவங்க இதைத் தாண்டிப் போக முடியாது.

ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் திரும்புது, குடலுக்குப் போறது ரொம்பக் குறையுது. கடுமையா ஓடினா 80 சதவீதம் வரைக்கும் குறையலாம். குடல் சுவர்ல காயம் பட்டு, பாக்டீரியாவோட நச்சு ரத்தத்துல கசியுது. மிதமான வேகத்துக்கு மேல ரெண்டு மணி நேரம் தாண்டினா இது தெளிவா ஏறுது, சூடு சேர்ந்தா இன்னும் மோசம். நம்ம ஊர் ஈரப்பதத்துல வேர்வை காயாது, உடம்புச் சூடு எறங்காது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுல காலை பத்து மணி வெயில்ல நீண்ட ஓட்டம் போயிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கடற்கரைக் கழிவறை வாசல்ல வரிசையில நின்னிருக்கேன். அன்னைக்கு சாயங்காலம் முழுக்கக் காரணமே இல்லாம வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். அப்போ அது களைப்புன்னு நினைச்சேன். குடல் கசிவும் அழற்சியும் மனநிலையைத் தொடும்னு படிச்சப்பதான் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்துச்சு. இப்ப நீண்ட ஓட்டம்னா விடியக்காலை அஞ்சு மணிக்குத்தான்.

கால் வலிக்குதுன்னு ஓட்டத்துக்கு முன்னால இபுப்ரோஃபென் வலி மாத்திரை போடுற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு. தயவுசெஞ்சு விடுங்க. சைக்கிள் ஓட்டுறவங்ககிட்ட 2012ல சோதிச்சதுல, பயிற்சியால குடலுக்கு வர்ற காயத்தை அது இன்னும் கூட்டிச்சு.

1500 மீட்டருக்கு இவ்வளவு பயம் வேணாம், ஓட்டம் சில நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா வெயில்ல நடக்கிற பயிற்சி நீளமானது. அதை யோசிங்க.

மார்ச் 15, காலை 9.30

பாஸ்டன் மாரத்தான் ஆய்வை ஒரு தம்பி போட்டிருக்கார். 2015 மாரத்தான் ஓடினவங்க மலத்துல ஓட்டத்துக்கு அப்புறம் வெயில்லோனெல்லான்னு ஒரு பாக்டீரியா கூடிச்சு. அது தசையிலேர்ந்து வர்ற லாக்டேட்டைத் தின்னு புரோப்பியோனேட்டா மாத்துது. எலிகளுக்குக் கொடுத்தப்ப 13 சதவீதம் அதிக நேரம் ஓடிச்சு. 2019ல வெளிவந்துச்சு. படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. ஆனா எலி. அயர்லாந்து ரக்பி வீரர்களுக்குக் குடல் பாக்டீரியா வகை அதிகம்னு 2014ல சொன்னதும் அப்படித்தான்: பயிற்சியாலயா, அவங்க சாப்பிடுற சாப்பாட்டாலயான்னு பிரிக்க முடியல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 2022ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல பண்ணினது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழிச்சா எலி ஓட விரும்புறதே குறையுது. சில பாக்டீரியா உருவாக்குற பொருள் குடல் நரம்பைத் தூண்டி, ஓடும்போது மூளையில டோபமைன்ங்கிற ஊக்கம் தர்ற ரசாயனத்தை ஏத்துதாம். மனுஷங்களுக்கும் அப்படின்னு நிரூபிச்சா, நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுத் திரும்பி வர்ற பிள்ளையைச் "சோம்பேறி"ன்னு திட்டுற பயிற்சியாளர்கள் வாயை மூடணும்.

மார்ச் 22, இரவு 10.20

அண்ணன் அனுப்பின குறிப்பைத் திரும்ப உக்காந்து படிச்சேன். முதல் தடவை நாரை மட்டும் தேடினேன். இந்தத் தடவை வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பயிற்சி நாள்ல பள்ளி முடிஞ்சு இணைப்பாட நடவடிக்கை, வீட்டுக்கு வர்றது ஏழரை. மதிய இடைவேளையில பாதித் தட்டு பீ ஹூன் (அரிசி சேமியா), அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தண்ணி மட்டும். ஓடுற நாள்லயே குறைவாச் சாப்பிடுறா.

வளர்ற பிள்ளைக்கு இது பாக்டீரியாவைவிடப் பெரிய விஷயம். செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு காணாதபோது உடம்பு அதையே ஒரு அபாயமா எடுத்துக்கும். கார்ட்டிசால் ஏறும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தப்பும், எலும்பு பலவீனமாகும், குடலும் மந்தமாகும். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014லயே இதைத் தனிப் பிரச்சினையா அறிவிச்சு எச்சரிச்சிருக்கு. நீங்க முதல் நாள் எழுதின தூக்கமின்மை, எரிச்சல், வயிறு மூணும் இதுல அடங்கும்.

பள்ளி முடிஞ்சதும் பயிற்சிக்கு முன்னால ஏதாவது உள்ள போகணும். ரெண்டு வாழைப்பழம், ஒரு கடலை வெண்ணெய் ரொட்டி. பயிற்சி முடிஞ்ச உடனே, பேருந்து ஏறுறதுக்கு முன்னால, ஒரு பால் பாக்கெட். வீட்டுல வந்து பருப்பும் சோறும். மாதவிடாய் பத்தி அவ அம்மா தனியாக் கேட்கட்டும்.

இதோட தேர்வு, நண்பர்கள், பயிற்சியாளர் சொல்ற வார்த்தை எல்லாம் இருக்கு. வயித்தைச் சரி பண்ணினா பயம் முழுசாப் போயிடும்னு நான் எங்கேயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். மாதவிடாய் தப்பியிருந்தா, எடை குறைஞ்சிருந்தா, உணவியல் நிபுணர்கிட்ட மருத்துவர் மூலமா அனுப்பச் சொல்லுங்க.

ஏப்ரல் 6, மாலை 3.15

அண்ணன் எழுதியிருக்கார். மகள் தகுதிச் சுற்று ஓடிட்டா. முன்னால நாலு நாளா வயிறு கெட்டது, இந்தத் தடவை அன்னைக்குக் காலையில மட்டும். பயிற்சிக்கு முன்னால சாப்பிடுறது பழகிடுச்சு, ராத்திரி தூங்குறா. என்ன பலன் கொடுத்ததுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஒரே நேரத்துல பல விஷயம் மாறியிருக்கு. வளர்ந்தும் இருக்கா.

அன்னைக்குக் காலையில கலங்கினதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அழைப்பு அறையில உக்காந்திருக்கிற பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். நெஞ்சுல எண் அட்டையைக் குத்தின ஊக்கைக் கழட்டிக் கழட்டிக் குத்துவாங்க, பேர் கூப்பிடுறதுக்குள்ள கழிவறைக்கு ஒரு ஓட்டம், வந்து உக்காந்ததும் திரும்ப ஒரு ஓட்டம். ஜெயிக்கிற பிள்ளையும் அதைத்தான் பண்ணும். அந்த அளவு பதற்றம் உடம்பை ஓட்டத்துக்குத் தயார் பண்றதுதான், அதை மருந்து கொடுத்து அடக்க வேணாம்.

அந்த மாத்திரைக்கு எடுத்து வச்ச காசை என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. நல்ல ஓட்டக் காலணி ஒண்ணு வாங்கிக் கொடுங்க. இறுதிச் சுற்றுக்கு முன்னால வேணாம், புதுக் காலணி கடிக்கும்.

ஏப்ரல் 6, மாலை 3.40

ஊறுகாய் கேட்ட அக்காவுக்கு: எண்ணெயும் வினிகரும் ஊத்தின கடை ஊறுகாய்ல உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்க முடியாது. ருசிக்குத் தொட்டுக்கோங்க. உப்புத் தண்ணியில தானாப் புளிக்க வச்ச காய்னா வேற, அது கணக்குல வரும். கிம்ச்சியும் அப்படித்தான், சுட வைக்காம சாப்பிடணும். முதல்ல ஒரு கரண்டி, காரம் வயித்துக்கு ஒத்துக்குதான்னு பாருங்க.